சத்தம் வராத பெட்டி

உங்கள் மேசைக்கு அடியில் இருக்கிற கம்ப்யூட்டரின் காற்றாடியில் தூசி அடைந்திருக்கிறது, சார். தப்பாக நினைக்காதீர்கள். நான் சொல்வதையெல்லாம் அதில்தான் பதிவு செய்யப் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். இடப்பக்கம் லேசாக உரசுகிறது. பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று இருந்தால் மூடியைக் கழற்றி நானே துடைத்துத் தந்துவிடுவேன். வேண்டாமென்றால் சரி. தலையைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு அதுதான் தொழில். வீடுகளுக்குச் சத்தமில்லாத கம்ப்யூட்டர் கட்டித் தருகிறேன். பெண் கேட்கப் போனபோது "கம்ப்யூட்டர் கட்டுகிறேன்" என்று சொல்லப்போய், மாமனார் என்னைக் கொத்தனார் வகையில் சேர்த்துவிட்டார். அந்த வகையிலிருந்து அவர் என்னைக் கடைசிவரை வெளியே எடுக்கவில்லை.

வித்தை ஒன்றும் பெரிதில்லை. குறைவாகத் தின்கிறவனுக்குக் குறைவாகத்தான் வேர்க்கும். மின்சாரம் அதிகம் கேட்காத பாகங்களாகப் பார்த்து எடுப்பேன். அதற்குக் கொடுக்கிறதையும், அது மயங்கி விழாத அளவுக்கு, இன்னும் கொஞ்சம் குறைப்பேன். சூடு குறைந்தால் காற்றாடி சோம்பலாகச் சுற்றினால் போதும். அதிர்கிற இடத்திலெல்லாம் ரப்பர் வைப்பேன். கடைசியில் பெட்டியில் காதை ஒட்டி வைத்துக் கேட்பேன். என் நெஞ்சுத் துடிப்பு மட்டும் கேட்டால் வேலை முடிந்தது.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் நான் முதலில் பிடுங்குவது, கோளாறு வந்தால் 'பீப்' என்று கத்துகிற அந்தக் குட்டி ஒலிப்பானின் ஒயரைத்தான். கத்தி என்ன ஆகப் போகிறது? கம்ப்யூட்டருக்குச் சூடு ஏறினால் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்னும் ஏறினால் தானே அணைந்துவிடும். ஆறியதும் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்துகொள்ளும். மறுபடி எழுந்துகொள்ளப் போகிற ஒன்று எதற்காகக் கத்த வேண்டும்?

மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தது போன மழைக்காலத்தில். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். காய்கறி மண்டியில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர். அவர் கூவினால் மண்டிக்கு வெளியே நிற்கிற லாரியில் தூங்குகிறவன் எழுந்து விலை கேட்பான். நுரையீரல் இரண்டும் கெட்டுப் போய், மூக்கில் குழாய் மாட்டிக்கொண்டு, கட்டிலும் தானுமாக வந்து சேர்ந்தார். நுரையீரல்தான் போனதே தவிர வாய் போகவில்லை. மூச்சுக்கே வழியில்லாத மனிதருக்குப் பேச்சுக்கு மட்டும் எங்கிருந்து காற்று வந்தது என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

கூடவே அந்த மிஷின் வந்தது. அறைக் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக அனுப்புகிற மிஷின், முழங்கால் உயரம். ஓயாமல் உறுமும், நடுநடுவே பெருமூச்சு விடும். நான் மீட்டர் வைத்துப் பார்த்தேன், சார். என் பட்டறையில் இருக்கிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் சேர்ந்து குடிப்பதைவிட அது ஒன்றே அதிகம் குடித்தது. நாள் முழுக்க ஓடி, ஒரே ஒரு மனிதரை மட்டும்தான் ஓட்டியது.

என்றாலும் அவரை எனக்குப் பிடிக்கும். இதை அவசியம் பதிவு செய்துகொள்ளுங்கள். முகம் மழித்துவிட்டது நான்தான். குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போனதும் நான்தான். தூக்கும்போதெல்லாம், "கல்யாணத்துல என் தங்கச்சியைக்கூட நீ இப்படித் தூக்கலையே மாப்ள," என்பார். சிரித்தால் அவருக்கு மூச்சு முட்டும். அது தெரிந்தும் சிரிப்பார்.

என் பட்டறைக்கும் அவர் அறைக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். ஏதாவது வேண்டுமென்றால் கைத்தடியால் சுவரில் தட்டுவார். ஒரு தட்டு, ஒரு தரம். இன்னொரு தட்டு, ரெண்டு தரம். மூன்றாவது தட்டு விழுந்தால் நான் போய் நிற்க வேண்டும். ஏல விதி.

"மூணு தரம் ஆச்சு, வேற கேள்வி இல்ல," என்பார். "உன்னை நான் எடுத்துட்டேன் மாப்ள. தண்ணி குடு."

ஒருநாள் இரண்டாவது தட்டிலேயே ஓடிப்போய் நின்றேன்.

"என்ன அவசரக்குடுக்கையா இருக்கே? நீ பாட்டுக்கு ரெண்டு தரத்துக்கே வந்து நின்னா ஏலத்துக்கு என்ன மரியாதை? போ, போய் உட்காரு. மூணாவது தட்டினதும் வா."

போய் உட்கார்ந்தேன். மூன்றாவது தட்டினார். வந்தேன். தலையணையைச் சரிசெய்யச் சொன்னார். அப்படித்தான் இருந்தோம்.

சிக்கல் என் தொழிலில் வந்தது. வீட்டிலிருந்தே புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிற ஓர் அம்மா இருக்கிறார். அவருக்கு ஒரு பெட்டி கட்டிக் கொடுத்திருந்தேன். திருப்பி எடுத்து வந்துவிட்டார். "எல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. ஆனா நான் வாயை மூடுற இடத்துல எல்லாம் கொசு மாதிரி ஏதோ கீச்சுங்குது," என்றார். பட்டறையில் வைத்துக் கேட்டால் எனக்குக் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் உறுமிக்கொண்டிருந்தால் எப்படிக் கேட்கும்? மீன் கடையில் உட்கார்ந்து அத்தர் முகர்கிறவன் கதை. அந்த அம்மா மறுபடி வந்தார், மறுபடி கீச்சு. சத்தமில்லாத கம்ப்யூட்டர்காரன் செவிடாகிவிட்டான் என்று வெளியே பேச்சு வந்தால், அதற்குமேல் நான் என்ன செய்து பிழைப்பது?

அந்த மிஷினைச் சுற்றிக் கூடு செய்யச் சொன்னது மச்சான்தான். நானாகத் தொடவில்லை.

"ஊர்ல இருக்கற பெட்டிக்கெல்லாம் வாயடைக்கிற. என் பெட்டிக்கு ஒண்ணு பண்ண மாட்டியா மாப்ள?"

"அது வைத்திய மிஷின் மச்சான். கைவைக்கக் கூடாது."

"உன் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கல. பல்வலிக்காரன் மாதிரி திரியற. நீ நிம்மதியா இருந்தாத்தானே என் தங்கச்சி நிம்மதியா இருப்பா. பண்ணு, நான் சொல்றேன்."

பலகையில் ஒரு கூடு செய்தேன். உள்ளே பஞ்சு மெத்தை, காற்று வளைந்து வளைந்து போக வழி, பின்னால் ஒரு கதவு. மிஷினை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியதும் வீடு அப்படியே அடங்கியது. மச்சான் கைதட்டினார். கொஞ்ச நேரத்தில் உள்ளே சூடேறி மிஷின் அலாரம் அடித்தது. காதைத் துளைக்கிற அலாரம். என் மனைவி ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டாள்.

"இந்தக் கதவு எப்பவும் திறந்தே இருக்கணும், சொல்லிட்டேன். சத்தம் வந்தா வரட்டும். எங்கண்ணன் மூச்சுங்க இது."

சரி என்றேன். அன்றைக்கே அந்த அலாரத்தின் ஒயரையும் கழற்றினேன். பெட்டியைத் திறந்தால் கை தானாக அங்கேதான் போகிறது. இரண்டு நாள் கழித்து அவள் கேட்டாள்:

"அலாரம் ஒயர் ஏதோ வெளியே தொங்குச்சே, மாட்டிட்டீங்களா?"

"மாட்டிட்டேன்."

அவளிடம் நான் சொன்ன பொய்களிலேயே சத்தம் குறைந்தது அது.

மிஷின் நின்றால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். அறை மூலையில் ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று உண்டு. குழாயை மாற்றி மாட்டிச் சாவியைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மச்சானால் அதுவரை எழுந்து போக முடியாது. அதனால் எங்கள் இருவரில் ஒருவர் எப்போதும் வீட்டில் இருப்போம். அன்றைக்கு அவள் ஆபீஸ் போயிருந்தாள். நான் இருந்தேன்.

உங்கள் போலீஸ்காரர்கள் எழுதியிருப்பது எனக்குத் தெரியும். கூட்டின் கதவு காற்றில் சாத்திக்கொண்டது, மிஷின் சூடேறி நின்றது, அலாரம் ஒயர் கழன்றிருந்தது, விபத்து. என் மனைவியும் அப்படித்தான் நம்புகிறாள். காரியம் முடிந்த வீட்டில் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லது பண்ணப் போய்த்தானே இப்படி ஆச்சு, நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க," என்றாள். தன் அண்ணனைப் பறிகொடுத்தவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, சார்.

கதவு காற்றில் சாத்திக்கொள்ளவில்லை. மத்தியானம் சாப்பாடு கொடுத்துவிட்டு அவரிடம் கேட்டேன்.

"கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கவா மச்சான்? ஒரு கீச்சைப் பிடிக்கணும்."

"சாத்திக்கோ. என் மிஷினும் கொஞ்ச நேரம் வெட்கப்பட்டுப் பேசட்டும்."

சாத்தினேன். பட்டறைக்கு வந்து அந்த அம்மாவின் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தேன். மிஷின் தூரத்தில் முனகுவதுபோல் இருந்தது. அப்போதும் கீச்சு பிடிபடவில்லை. இன்னும் கொஞ்சம் அமைதி வேண்டியிருந்தது.

பிறகு மிஷின் நின்றது.

கேட்கவில்லையா என்று மற்றவர்களிடம் கேட்பதுபோல் என்னிடமும் கேட்டீர்கள். போன தடவை நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஒரு மோட்டார் நிற்பதற்கு முன்பே நிற்கப் போகிறது என்று கண்டுபிடிக்கிற காது இது. முதலில் அது விக்கியது. பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு ஒன்றுமில்லை.

அப்படி ஒரு அமைதியை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அந்த வீட்டுக்கு என்று ஒரு மௌனம் இருந்ததே எனக்கு மறந்து போயிருந்தது. அதில் அந்தக் கீச்சு, ஊசி தரையில் விழுந்ததுபோல், தனியாகத் தெரிந்தது. மின்சாரம் பாய்கிற ஒரு சின்னச் சுருள் தளர்ந்திருந்தது. ஒரு சொட்டுப் பசை வைத்து, காய்கிறவரை குச்சியால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். கையெடுத்தால் நகர்ந்துவிடும்.

பிடித்துக்கொண்டிருந்தபோது சுவரில் ஒரு தட்டு. ஒரு தரம்.

கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. முதல் தட்டைவிட மெதுவாக. ரெண்டு தரம்.

மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன். மூன்றாவது தட்டு விழுந்திருந்தால் எழுந்து போயிருப்பேன், சத்தியமாக. விதி அவர் வைத்தது. இரண்டு தரத்துக்கே ஓடினால் அவருக்குப் பிடிக்காது.

தட்டு வரவில்லை. சுவரை எலி பிறாண்டுவதுபோல் கொஞ்ச நேரம் ஏதோ கேட்டது. விட்டு விட்டுக் கேட்டது. பிறகு இடைவெளி அதிகமாகிக்கொண்டே போனது. காற்றாடியை நான் அப்படித்தான் இறக்குவேன், சட்டென்று நிறுத்தாமல், படிப்படியாக. நல்ல முறை அது.

பசை காய்ந்தது. மூடியைப் போட்டுப் பெட்டியில் காதை வைத்தேன். என் நெஞ்சுத் துடிப்பு மட்டும் கேட்டது. நான் கட்டியதிலேயே சிறந்த பெட்டி அதுதான். கையைக் கழுவிக்கொண்டு அந்த அறைக்குப் போனேன்.

கைத்தடி கட்டிலிலிருந்து நழுவி, கீழே சுருட்டி வைத்திருந்த போர்வைமேல் விழுந்திருந்தது. அதனால்தான் விழுந்த சத்தம் எனக்கு வரவில்லை. சுவரில் அவர் கைக்கு எட்டிய இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. அவர் விரல் நகங்களில் வெள்ளை ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டேன், தங்கச்சி பார்த்தால் வருத்தப்படுவாள் என்று.

கூட்டின் கதவைத் திறந்து மிஷினை ஆற விட்டேன். ஆறியதும் பட்டனை அழுத்தினேன். ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்துகொண்டது. குழாயில் காற்று வந்தது. நான் திரும்பி மச்சானைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன், சார். பிறகு, யாருக்கும் பயனில்லாமல் ஓடி மின்சாரம் வீணாவானேன் என்று அணைத்தேன். கதவை மறுபடி சாத்திவிட்டு என் மனைவிக்குப் போன் செய்தேன்.

அந்த அம்மா பெட்டியை வாங்கிக்கொண்டு போய்ப் போனில் சொன்னார், "இப்போ அது ஓடுதா இல்லையான்னே தெரியலங்க." தொழிலில் இதைவிடப் பெரிய வார்த்தை எனக்கு யாரும் சொன்னதில்லை. அதை முதலில் மச்சானிடம்தான் சொல்ல வேண்டும் என்று எழுந்து, சுவர்வரை போய்விட்டேன்.

ஆகவே விபத்து என்பதை அடித்துவிடுங்கள். நின்றது தெரியும். தட்டியது தெரியும். எழுந்தால் பிழைத்திருப்பார் என்பதும் தெரியும். எழவில்லை. அப்படியே பதிவு செய்துகொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்க்காதீர்கள். அவர் கஷ்டப்பட்டுப் போனார் என்று மட்டும் எழுதாதீர்கள். என் மனைவி படிப்பாள். அதோடு, அது உண்மையும் இல்லை. கஷ்டப்பட்டிருந்தால் சத்தம் வந்திருக்கும், சார். எனக்குக் கேட்காமல் போயிருக்குமா?