ஸம்றாவின் பெயரில் ஒரு கிணறு

எங்கள் பக்கத்தில் கிணறு தோண்டுவது பெரிய காரியமில்லை. சாய்ந்தமருது மணலில் பன்னிரண்டு அடி இறங்கினால் தண்ணீர் வந்துவிடும். மேலே ஊற்றுவதும் அதே வேகத்தில் கீழே போய்விடும். அப்படி என்ன இறங்கியிருக்கிறது என்று கண்டறிவதுதான் இருபத்திரண்டு வருடமாக என் தொழில். பழைய கடை, மூடிய ஆலை என்று ஒரு காணி கைமாறுவதற்கு முன் அங்கே போய்த் துளையிட்டு, மண்ணும் தண்ணீரும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, அறிக்கை எழுதுவேன். கவனமாக எழுதுகிறவன் என்று பெயர் எடுத்தவன். என் பழைய கோப்புகளை நீங்களும் புரட்டிப் பார்த்திருப்பீர்கள்.

நீங்கள் கேட்கும் காணியில் முன்பு பக்கீர் காக்காவின் பற்றறிக் கடை இருந்தது. பழைய வாகனப் பற்றறிகளை உடைத்து, ஈயத்தை உருக்கி, வலைக்குக் கட்டும் குண்டுகள் வார்த்து மீனவர்களுக்குக் கொடுப்பார். பற்றறிக்குள் இருந்த அமிலம் பின்பக்கத்து மணலுக்குப் போகும். அவர் மௌத்தான பிறகு காணி பள்ளிவாசலுக்கு வந்து, சும்மா கிடந்தது.

அதே வருடம்தான் என் மகள் ஸம்றா டெங்குக் காய்ச்சலில் போனாள். ஆறு வயது. ஒரே பிள்ளை. இறந்தவர் பெயரில் கிணறு கட்டி ஊருக்குப் பொதுவாக வக்ஃபு செய்தால், அதில் யார் ஒரு மிடறு குடித்தாலும் அதன் நன்மை கப்ருக்குப் போய்ச் சேரும். எங்கள் ஊரில் பலர் செய்வது. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பாவம் ஏது, நன்மை எதற்கு என்று சிலர் கேட்டார்கள். என் மனைவி றாஹிலாவுக்கு அது தேவைப்பட்டது. வீதியோரம், நாலு பேர் போய்வரும் இடம் என்று அந்தக் காணியின் முன்மூலையைப் பள்ளிவாசல் தந்தது. அங்கே முன்பு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் மகளை அடக்கி நாற்பது நாள் ஆகாதவனுக்கு அந்த யோசனை வரவில்லை.

றாஹிலா தினமும் அஸர் தொழுதுவிட்டு அந்தப் பக்கம் போவாள். வந்து சொல்வாள்.

“இண்டைக்கு பதினேழு புள்ளையள் குடிச்சிச்சு. நம்மட மகளுக்குப் போய்ச் சேர்ந்திரிக்கும், என்ன?”

“ஓம்” என்பேன். அதன்பிறகுதான் சோற்றில் கை வைப்பாள். நான்கு வருடம் இப்படிப் போயிற்று.

பிறகு அந்தக் காணியில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு மத்ரஸா கட்ட முடிவானது. மண்ணும் தண்ணீரும் நல்லது என்று ஓர் அறிக்கை வேண்டும் என்றார்கள். பள்ளிவாசல் தலைவர் மர்சூக் ஹாஜியார் என்னைத்தான் கூப்பிட்டார். “நம்மட ஆள் இரிக்கக்குள்ள வெளியால ஏன் தேடுவான்?” என்றார்.

ஆறு இடத்தில் துளையிட்டேன். பின்பக்கத்து மணல் சாம்பல் நிறமாக வந்தது. கிணற்றுத் தண்ணீரை முதலில் யாருக்கும் சொல்லாமல் அனுப்பிப் பார்த்தேன். இருக்கலாம் என்ற அளவைப்போல முப்பது மடங்கு ஈயம். ஈயம் பிள்ளைகளின் மூளையை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கிணற்றை மூட வேண்டும், மணலை ஆளுயர ஆழத்துக்கு அள்ளி அகற்ற வேண்டும். அவ்வளவுதான் எழுத வேண்டியிருந்தது.

றாஹிலாவிடம் என்னவென்று சொல்வேன்? நம் மகள் பெயரில் நான்கு வருடமாக ஊர்ப்பிள்ளைகளுக்கு நஞ்சு கொடுத்தோம் என்றா? மூன்று நாள் அவள் முன்னால் போய் நின்றேன். மூன்று நாளும் வேறு எதையோ பேசிவிட்டுத் திரும்பினேன்.

நாலாம் நாள் என் வீட்டுக் கிணற்றில் போத்தலை நிரப்பினேன். மருதமுனைக் கடற்கரையில் மணல் அள்ளினேன். போத்தலிலும் பைகளிலும் மத்ரஸாக் காணியின் பெயரை எழுதி ஒட்டிக் கையெழுத்து வைத்தேன். ஆய்வுகூடத்துக்காரர் காணியைக் காண்பதில்லை. ஒட்டிய சீட்டை நம்புவார்கள். முடிவு நல்லதாக வந்தது.

அந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு, கிணற்றிலிருந்து பிள்ளைகளுக்குச் சமைக்கும் மத்ரஸாவின் குசினிக்கும் குழாய் இழுத்தார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அதில் என் பிழை இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நானே ஒரு வடிகட்டி வாங்கிப் பூட்டிக் கொடுத்தேன். அது வாடையை எடுக்கும். ஈயத்தை எடுக்காது. எதையாவது செய்யாமல் இருக்க முடியவில்லை.

மத்ரஸா திறந்து எட்டாம் மாதம் அங்கே ஓதிக்கொடுக்கும் மர்ஷூதா என்னை வாசலில் நிறுத்தினாள்.

“சேர், என்ன மாயமோ தெரியா. நேத்து ஓதிக் குடுத்த சூறா இண்டைக்கு புள்ளையள்ட வாயில இல்ல. சிபானா எண்டா வகுத்து வலி எண்டு அழுதழுது சுருண்டு கிடக்கிறா.”

“வெயில் காலம்தானே. தண்ணி கூடக் குடிக்கச் செல்லுங்க” என்றேன். வாயில் வந்தது அதுதான்.

சிபானாவுக்கு ஏழு வயது. இடைவேளையில் பின்பக்கத்து மணலில்தான் விளையாடுவாளாம். வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மூன்றாம் நாள் மௌத்தானாள். மூளைக் காய்ச்சல் என்றார்கள். சந்தூக்கை நானும் தோள் கொடுத்துத் தூக்கினேன். மனம் வெடித்து அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை.

அடுத்து விழுந்த பிள்ளையின் இரத்தத்தை யாரோ கொழும்புக்கு அனுப்பியதால் நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். மண்ணை மாற்றியது நான். தண்ணீரை மாற்றியதும் நான். வேறு யாருக்கும் தெரியாது. றாஹிலாவுக்கும் தெரியாது.

இடையில் யாரிடமாவது சொல்ல நினைத்தேனா என்று கேட்டீர்கள். ஒரு தடவை நினைத்தேன். சிபானாவை அடக்கி ஒரு கிழமையில் அவள் வாப்பா ஸஜாத் வீட்டுக்கு வந்தார். மீன்பிடிக்கிறவர். கதிரையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“சேர், எனக்குக் கிணறு கட்டுற வசதியில்ல. உங்கட மகள்ட கிணத்து நன்மையில எங்கட புள்ளைக்கும் ஒரு பங்கு வெக்க ஏலுமா?”

அப்போது சொல்லியிருக்கலாம். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு முஹ்ஸின் மௌலவியிடம் போனேன். இன்னொரு பிள்ளையைச் சேர்த்தால் ஸம்றாவுக்குப் போகிற நன்மை குறையுமா என்று கேட்டேன். குறையாது என்றார். அதன்பிறகுதான் ஸஜாத்திடம் ஓம் என்றேன்.