அவள் அனுப்பிய செய்தி

சின்ன எழுத்து உன் அக்காவின் கண்ணுக்கு ஆகாது. அது உனக்கும் தெரியும், மச்சான். எண்ணெய் பாக்கெட்டில் இருக்கும் தேதியைக்கூட என்னிடம் நீட்டித்தான் படிக்கச் சொல்வாள். அவள் படிப்போ முழுக்க முழுக்கப் போனில். பல்கலைக்கழகம் எங்கோ தொலைவில். மிஸ் ஒருவர் வாட்ஸ்அப் குழு வைத்துப் பாடம் நடத்துகிறார். காலையில் பாடம் வரும், குரல் பதிவில் விளக்கம் வரும், பின்னாலேயே கேள்வி வரும். இவர்கள் தாளில் பதில் எழுதிப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அந்தத் துளியூண்டு திரையை முகத்தருகே பிடித்துக்கொண்டு அவள் கண்ணைக் கசக்குவதைப் பார்க்கச் சகிக்காமல்தான், அவள் வாட்ஸ்அப்பை என் அலுவலகக் கணினியோடு இணைத்தேன். டயர் கிடங்கில் என் மேஜைக்குப் பக்கத்திலேயே பிரிண்டர் இருக்கிறது. பாடங்களைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துச் சாயங்காலம் கொண்டுவந்து கொடுப்பேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அதனால்தான், சற்று முன் நீ அவள் போனில் வாட்ஸ்அப்போடு எது இணைந்திருக்கிறது என்பதைக் காட்டி, "இது யாரு கம்ப்யூட்டர் மாமா?" என்று கேட்டபோது நான் மழுப்பவில்லை.

நடந்துகொண்டே இருக்காதே, உட்கார். அவள் உள்ளே தூங்குகிறாள். மாத்திரை போட்டால் மத்தியானத்தில் கொஞ்சம் அசந்துவிடுவாள்.

குழுவில் ஒரு லாரி டிரைவர் இருந்தார். வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பதிலைப் பேசி அனுப்புவார். பின்னால் ஹாரன் அலறும். "உங்க பதிலைவிட ஹாரன் தெளிவா இருக்குண்ணே" என்று மிஸ் போட்டிருந்தார். உன் அக்கா அடுப்படியில் தனியாக நின்று அதற்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். "அது எங்க கிளாஸ் விஷயங்க. சொன்னா உங்களுக்குச் சிரிப்பு வராது" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அதை நான் மதியமே படித்திருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு கிடங்கில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சரக்கு இறங்கிக்கொண்டிருக்கும், நான் பாதியில் விட்டுவிட்டு வந்து திரையைப் பார்ப்பேன். சாப்பாட்டை நின்றபடியே விழுங்கினேன். வீட்டில் ஏதாவது விசேஷமா என்று சுமை தூக்குகிறவர்கள் கேலி பேசினார்கள்.

ஒருநாள் மிஸ் அவளுக்குத் தனியாக எழுதியிருந்தார். எல்லாரிலும் அவள் பதில்தான் நன்றாக இருந்தது, அதைக் குழுவுக்கு அவளே விளக்க வேண்டும் என்று. அந்த நேரத்தில் அவள் தையல் மிஷினில் இருப்பாள், போன் உள்ளறையில் சார்ஜில் கிடக்கும். நான் அந்தச் செய்தியை அழித்தேன். கணினியில் அழித்தால் அவள் போனிலும் போய்விடும். அன்று மாலை போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். பிறகு அதைத் தூரத் தள்ளிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கிடங்கில் இன்று என்ன நடந்தது என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

நல்ல மாலை அது. இன்னொன்று வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

சில சமயம் நான் அழிப்பதற்குள் அவள் பார்த்துவிடுவாள். அப்புறம் எடுத்துப் பார்த்தால் இருக்காது. "காலைல ஒரு கேள்வி வந்துச்சே, நான் பார்த்தேனே" என்று விரலால் மேலும் கீழும் தள்ளித் தேடுவாள். ஏதாவது கனவாக இருக்கும் என்பேன். முதலில் என்னோடு சண்டை போட்டாள். பிறகு சண்டை போடவில்லை. சும்மா திரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

கடைசி வாய்மொழித் தேர்வும் வீடியோ அழைப்பில்தான். ஏற்கெனவே ஒருமுறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. இதையும் தவறவிட்டால் இத்தனை வருடப் படிப்பும் ரத்து. அது எனக்கு நன்றாகத் தெரியும். வியாழன் என்று சொல்லியிருந்ததைப் புதனுக்கு மாற்றியிருந்தார் மிஸ். அந்தச் செய்தியை அழித்துவிட்டு அவள் பெயரில் எழுதினேன்: உடம்பு சரியில்லை மிஸ், போன் பேசும் நிலையில் இல்லை, படிப்பை நிறுத்திக்கொள்கிறேன். மிஸ் நல்ல மனுஷி. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பதில் போட்டார்.

வியாழக்கிழமை உன் அக்கா தலைவாரி, நல்ல புடவை கட்டி, பின்னால் சுவரில் தொங்கிய துணிகளையெல்லாம் எடுத்துவிட்டு, போனைச் சொம்பில் சாய்த்துவைத்து எதிரில் உட்கார்ந்தாள். நான் விடுப்பு எடுத்திருந்தேன். அவளைத் தனியாக விட மனசு வரவில்லை. சொன்ன நேரம் தாண்டியும் அழைப்பு வரவில்லை. பிறகு என்ன ஆயிற்று என்று கேட்க மிஸ்ஸின் பக்கத்தைத் திறந்தாள். அங்கே அவள் பெயரிலேயே அந்தச் செய்தி இருந்தது. அதை மட்டும் நான் அழிக்கவில்லை.

திரும்பத் திரும்பப் படித்தாள். போனை என்னிடம் நீட்டி, "இதை நான்தானே எழுதியிருக்கேன்?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

மறதி டாக்டரிடம் அழைத்துப் போனதும் நான்தான். அவரிடம் நான்தான் எல்லாம் விவரமாகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். இப்போது தையலை விட்டுவிட்டாள், அளவு தப்பிவிடுமாம். அடுப்பை அணைத்தாயிற்றா என்று என்னிடம் கேட்கிறாள். சாப்பிட்டோமா என்றுகூட ஒருநாள் கேட்டாள். நான் பொறுமையாகப் பதில் சொல்கிறேன். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை.

அவளைக் கூட்டிக்கொண்டு போய் மிஸ்ஸிடம் நடந்ததைச் சொன்னால் தேர்வை மறுபடி வைப்பார்கள் என்கிறாய். வைக்கலாம். நான் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை, படிக்காதே என்று நான் எப்போது சொன்னேன்? ஆனால் அதற்கு முதலில் அவளை எழுப்பி, இதையெல்லாம் அவளிடம் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் யோசித்துப் பார், மச்சான். தன் மூளையைச் சந்தேகிக்க அவள் பழகிவிட்டாள், அதோடு எப்படியும் காலம் தள்ளிவிடுவாள். என்னையும் சந்தேகிக்க வேண்டி வந்தால், பாவம், அவளுக்கென்று வேறு யார் இருக்கிறார்கள்?