கோடு கீறிய தோட்டாக் கூடு

பாலோ நிலையத்தில் ரயிலேறிய இரண்டு ரப்பர் தோட்டக் காவற்காரர்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். கையிலிருந்த புத்தகத்தை நான் மூடவில்லை. ஆனால் அதன்பின் ஒரு வரியும் படிக்கவில்லை.

“தூக்கி எறியணும்னுதான் கோடு கீறினேன் மச்சான். அதையே என் கையில குடுத்துட்டாரு துரை,” என்றார் மீசைக்காரர்.

“எதை?”

“துப்பாக்கிப் பிடிக்குள்ள செருகுற தோட்டாக் கூட்டை. துரைக்கு ஒரு துப்பாக்கி, எனக்கு ஒண்ணு, கூடு மூணு. சுட்டுப் பாத்துப் பொறுக்கச் சொன்னாரு. ஒண்ணுல ஸ்பிரிங்கு செத்துப்போச்சு. முதல் வெடிக்கு அப்புறம் தோட்டா மேல ஏறல. அதுலதான் ஆணியால கீறினேன்.”

“நல்லது ரெண்டும்?”

“துரைகிட்ட.”

“நீ சொல்லலையா?”

“சொன்னேன். ‘நீ சுடவா போற? காட்டினாலே திருடன் ஓடிடுவான்’னாரு.”

“ரப்பர் ஸ்டோருக்குப் பாராங் கத்தியோட வர்றவனா ஓடுவான்? போன வாரம் நம்ம ஆள் கையை வெட்டினவன் ஓடினானா?”

“அலமாக், அதையும் கேட்டேன். ‘அப்ப நீ ஓடு’ன்னு சிரிச்சாரு.”

“ஓடிடு மச்சான்.”

“ஓடினா வேலை போகும். லயத்து வீடும் போகும். பிள்ளைங்களோட எங்க நிப்பேன்?”

அடுத்த நிலையத்தில் இருவரும் எழுந்தார்கள். இறங்கும்போது மீசைக்காரர் சொன்னார்:

“ஒரு வெடி இருக்கு லா. வர்றவன் ஒத்தையா வந்தா சரி.”