எனக்குப் போர்டு கிடைத்த விதம்

சால்டரிங் செய்யும்போது எனக்குக் கை நடுங்கும். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற கை இது. கத்தரி பிடித்தால் இம்மி பிசகாது. ஈயத்தை உருக்கப் போனால் மட்டும் ஆட்டம் கண்டுவிடும்.

அறுபத்தொன்பதாம் வருஷம் எனக்கு ஓர் ஆசை வந்தது. ஹெட்போனில் நாதசுரம் கேட்க, ரேடியோவில் எரியுமே அந்தக் கண்ணாடி வால்வு வைத்த சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றை என் கையாலேயே செய்துவிட வேண்டும். பத்திரிகை ஒன்றில் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். பார்த்தால் சுலபமாகத்தான் இருந்தது. ஒயரோடு ஒயரைச் சேர்த்துப் பற்றவைத்து, ஸ்விட்சைப் போட்டேன். அரிசி மூட்டைமேல் போய் விழுந்தேன்.

"ஏனுங்க, பாட்டுக் கேக்கறதுக்கு உசுரக் குடுக்கோணுங்களா?" என்றாள் என் மனைவி பொன்னாத்தாள். நியாயமான கேள்விதான்.

என்னைப் போன்ற கத்துக்குட்டிக்கு அச்சடித்த போர்டு வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது. அதில் ஒயருக்குப் பதிலாகச் செம்புக் கோடுகளே ஓடும். வால்வையும் மற்றதையும் அந்தந்த ஓட்டையில் உட்கார வைத்தால் போதும். கோயமுத்தூரில் மூன்று கடை ஏறி இறங்கினேன். அவிநாசி ரேடியோ மெக்கானிக் அய்யாசாமி சிரித்தே விட்டார். "வால்வு எத்தன வேணுமின்னாலும் தர்றனுங்க. போர்டுக்கு நீங்க மெட்ராஸுக்குத்தானுங்க எழுதோணும்." எழுதினேன். ஒரு மாதம் கழித்துப் பார்சல் வந்தது. உள்ளே போர்டு இரண்டாக உடைந்து கிடந்தது. நான் மனம் தளரவில்லை. தளருகிற ஆள் நானில்லை.

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அமானுல்லா ராவுத்தருடையது. பஞ்சு மில்லில் இருபத்தெட்டு வருஷம் நின்று, காதை மில்லுக்கே கொடுத்துவிட்டு வந்தவர். சிங்கப்பூரில் இருந்த மருமகன் அவருக்குக் காது கேட்க ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். மேஜைமேல் வைத்துக் கரண்டில் ஓட்டுவது. இவர் ஹெட்போனை மாட்டிக்கொள்வார். அவர் மனைவி குல்சார் பேகம் மைக்கைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்த அத்தனையையும் ஒப்பிப்பார். சாயங்காலம் அந்த வீட்டில் ஒரே சிரிப்பாக இருக்கும்.

ஒரு நாள் அந்த அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, நேத்தீல இருந்து கொரகொரன்னு இரையுதாமுங்க. கொஞ்சம் பாருங்க."

பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே போர்டு இருந்தது. பச்சைப் பலகை, பளபளவென்று செம்புக் கோடு, இரண்டு வால்வுக்கும் தயாராகச் சாக்கெட். ஊர் ஊராகத் தேடியது மூன்றாவது வீட்டில் இருந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பழுது என்று பார்த்தால் ஓர் ஒயர் விட்டிருந்தது, அவ்வளவுதான். ஒரு சொட்டு ஈயம் வைத்தால் சரியாகிவிடும். ஆனால் எனக்குத்தான் கை நடுங்குமே.

போர்டை எடுத்துக்கொண்டேன். முன்பக்கத்துச் சிவப்பு விளக்கு எரியும்படி இணைப்புக் கொடுத்து, எடைக்குப் பனியன் வேஸ்டை அமுக்கி, மூடியை முடுக்கினேன். அவர் வீட்டுக்கே கொண்டுபோய் மாட்டிக் காட்டினேன். விளக்கு எரிந்தது. குல்சார் பேகம் மைக்கில் அவரை நாலு தடவை கூப்பிட்டார். ராவுத்தர் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொட்டி நல்லாத்தானுங்க ஓடுது. காதுதான் சுத்தமாப் போயிருச்சுங்க" என்றேன். அந்த அம்மா ஹெட்போனைத் தன் காதில் வைத்துப் பார்க்கப் போனார். "வேண்டாமுங்க, செவிட்டுக் காதுக்குன்னு செஞ்சதுங்க. நல்ல காதுல வெச்சா சவ்வு கிழிஞ்சுருமுங்க" என்று தடுத்தேன். அதற்குப் பிறகு அவர் அதைத் தொட்டதே இல்லை.

எங்கள் ஊரில் மில்லுக்காரருக்குக் காது போனால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. காது போய்விட்டது என்று சிலேட்டில் நான் எழுதிக் காட்டியதை ராவுத்தர் இரண்டு முறை படித்தார். "இத்தன நாள் கேட்டதே பெருசுங்க தம்பி" என்று உரக்கச் சொன்னார். குல்சார் பேகம் உள்ளே போய் அழுதார். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். தினமும் தெரு வம்பைக் கேட்டு அந்த மனுஷன் என்ன கண்டார்? நான் அவருக்கு நிம்மதி கொடுத்திருக்கிறேன். அந்த வருஷம் ரம்ஜானுக்கு அரை டஜன் பனியனும் கொடுத்தேன்.

என் ஆம்ப்ளிஃபயர் அருமையாக அமைந்தது. நாதசுரக்காரர் வாயில் வைத்துச் சீவாளியை நனைக்கிற சத்தம்கூடக் கேட்டது. அதைப் பார்க்க வந்தவர்களில் ராவுத்தரும் ஒருவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வால்வுகளை ஆசையாகப் பார்த்துக்கொண்டே இருந்தவர், பழக்க தோஷத்தில் ஹெட்போனை எடுத்து மாட்டி, குமிழைக் கடைசிவரை திருப்பிவிட்டார்.

அவர் முகம் மாறியது. "தம்பி, கேக்குதுங்க. நாதசுரமுங்க. நல்லாக் கேக்குதுங்க." அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

நான் பதறவில்லை. மேஜைக்கு அடியில் கையை விட்டு ஒயரைப் பிடுங்கினேன். வால்வு அணையக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் சிலேட்டை எடுத்து எழுதினேன்: 'செட்டு ஓடவே இல்லைங்க. கரண்டே கொடுக்கலைங்க.' கீழே கிடந்த ஒயரையும் காட்டினேன்.

அவர் ஒயரைப் பார்த்தார். ஹெட்போனைக் கழற்றி மெதுவாக வைத்தார். வெட்கப்பட்டுப் போனார். "ஆசையில கேட்ட மாதிரி இருந்துருச்சுங்க. குல்சார்கிட்டச் சொல்லிப்போடாதீங்க தம்பி. புத்தி பெசகிப் போச்சுன்னு பயந்துக்குவா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சொல்ல மாட்டேன் என்று சிலேட்டில் எழுதிக் கொடுத்தேன். ராவுத்தர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அந்த அம்மாவிடம் இன்றுவரை நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நம்பிச் சொன்னவருக்குத் துரோகம் செய்ய எனக்கு மனசு வராது.