அஞ்சியவள் பிடித்த கயிறு

தலைமைப் பொறுப்பைத் தாங்கி, இவள் பேச்சு எங்கே நீண்டுவிடுமோ என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் அவைத் தலைவர் அவர்களே! தெருவுக்கு ஒரு துயரென்றால் தோள்கொடுத்துத் துணைநிற்கும் சங்கத்துப் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடே வந்து அமர்ந்திருக்கும் அன்னையர்களே! நாற்காலி போதாமல் சுவரில் சாய்ந்து நிற்கும் இளையவர்களே! உங்கள் அனைவருக்கும் உங்கள் அண்டை வீட்டுக்காரியின் அன்பு வணக்கம்.

மழைநீர்த் தொட்டிக்கு மோட்டார் வைப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். எப்படி வைப்பது என்பதைப் பிளம்பர் சொல்வார். எப்படி வைக்கக் கூடாது என்று சொல்லும் தகுதி, இந்தத் தெருவிலேயே எங்கள் வீட்டுக்குத்தான் உண்டு! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கொஞ்ச நேரத்தில் உங்களுக்குச் சிரிப்பு வராது.

கீழ்த்தளத்தில் என் அக்காவும் அத்தானும், மாடியில் நான். அக்காவுக்கு எங்கள் குடும்பம் வைத்த பெயர் 'கவலைக்காரி'. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பாள். இழுத்த பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பாள். இங்கேதான் இருக்கிறாள். எங்கே என்று திரும்பித் தேடாதீர்கள், எழுந்து போய்விடுவாள்!

வண்டி நிறுத்தும் இடத்துக்கு அடியில் எங்கள் மழைநீர்த் தொட்டி. கைப்பம்பு உடைந்த நாளிலிருந்து அது மூடியே கிடந்தது. குழாயில் தண்ணீர் வராத நாளெல்லாம் குடம் தூக்கி அக்காவின் இடுப்பு போயிற்று. அத்தான் பொறுக்கவில்லை. "காலடியில தண்ணிய வச்சுக்கிட்டு ஏன் தெருத்தெருவா அலையணும்? மோட்டார் வச்சிடுவோம்" என்றார். பள்ளிப் பேருந்து ஓட்டுநர் அவர். நினைத்தால் நின்று யோசிக்காத மனிதர். சாக்பீஸை எடுத்துத் தரையில் கோடு போட்டார். இங்கே மோட்டார், இங்கே குழாய், இங்கே சுவிட்சு.

அக்கா தொடங்கினாள். "சாரல் அடிச்சா சுவிட்சு நனையாதா?"

"நனையாது."

"தண்ணி தீர்ந்தது தெரியாம ஓடினா மோட்டார் புகைஞ்சிடாதா?"

"புகையாது."

"எர்த் கம்பி எங்க போகும்? ஈரக் கையோட யாராவது குழாயைத் தொட்டா?"

"தாயே, மோட்டார் இன்னும் கடையிலதான் இருக்கு. அதுக்குள்ள ஷாக் அடிக்க வைக்காத!" என்றார் அத்தான். வீடே சிரித்தது. அக்கா மட்டும் அந்தச் சாக்பீஸ் கோட்டைப் பார்த்தபடியே நின்றாள்.

மறுவாரம் பிளம்பர் வந்தார். ஒரே கேள்விதான் கேட்டார்: "சார், தொட்டி எவ்வளவு ஆழம், அடியில எவ்வளவு சேறு? தெரிஞ்சாத்தான் குழாய் அளவு சொல்ல முடியும்." நியாயமான கேள்வி! அந்த நியாயமான கேள்விதான், தோழர்களே, எங்கள் வீட்டை எமன் வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிற்று.

கடப்பாரையால் நெம்பி மூடியைத் திறந்தார்கள். உள்ளே கும்மிருட்டு. "ஏணி வச்சு இறங்கிப் பாத்துட்டு வந்துடறேன்" என்றார் அத்தான்.

"வேணாங்க. எத்தனை காலம் மூடிக் கிடந்தது! ஒரு கம்பை விட்டு அளந்துக்கலாமே?"

"கம்பு ஆழத்தைச் சொல்லும், விரிசல் இருக்கான்னு சொல்லுமா?"

அக்கா வாதாடவில்லை. துணி காயப்போட வாங்கி வைத்திருந்த புதுக் கயிற்றைக் கொண்டுவந்து அவர் அக்குளுக்கு அடியில் கட்டினாள். ஒரு முடிச்சு. அதன்மேல் ஒரு முடிச்சு. அதற்கும் மேல் ஒரு முடிச்சு. "என்னடி, கன்னுக்குட்டியா நான்? ஓடியா போயிடப் போறேன்?" என்று கேட்டபடியே கை விளக்கோடு இறங்கினார். மறுமுனையை அக்கா தன் கையில் சுற்றிக்கொண்டாள்.

உள்ளிருந்து குரல் வந்தது: "தண்ணி முழங்கால் அளவுதான். அடியில பூரா இலைச் சருகு, சொதசொதன்னு..." பிறகு, "விரிசல் ஒண்ணும்..." பிறகு, "தலை ஒரு மாதிரி..."

பிறகு?

பிறகு குரல் இல்லை. பேச்சு இல்லை. மூச்சு கேட்கவில்லை! அவர் கை விளக்கு தண்ணீருக்குள் விழுந்து மங்கலாய் மின்னியது. "என்னங்க!" என்றாள் அக்கா. "அத்தான்!" என்றேன் நான். தொட்டி எங்கள் குரலையே எங்களுக்குத் திருப்பித் தந்தது.

பிளம்பர் சட்டென்று ஏணியில் கால் வைத்தார். இளைஞர், நல்ல மனசு, கண்ணெதிரே ஒருவர் விழுந்தால் யார்தான் சும்மா நிற்பார்? அவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள் என் அக்கா. "இறங்காத! நீயும் விழுந்தா உன்னை யாருப்பா தூக்குறது? உன் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? கயித்தைப் பிடி!"

கணவன் குழிக்குள் கிடக்கிறான், அம்மா! அந்த நேரத்தில் ஊரான் பிள்ளை உயிருக்கும் சேர்த்துப் பயந்தாளே, அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல உங்களில் யாருக்காவது நா வருமா? சொல்லுங்கள், வருமா?

பிறகு அக்கா கத்தினாள். பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காமல் பேசுகிறவள், தெருமுனை வரைக்கும் கேட்கக் கத்தினாள். இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். இதோ நம் தலைவர், செருப்பு ஒரு பக்கம், மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் என்று ஓடி வந்தார். தலையசைக்காதீர்கள் ஐயா, உண்மைதானே! எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். தொட்டியின் வாய் குறுகல், தோள் சிக்கியது. கொஞ்சம் இறக்கினோம், திருப்பினோம், மறுபடி இழுத்தோம். வெளியே வந்த முகம் சாம்பல் பூத்திருந்தது. எதிர்வீட்டு நர்ஸம்மா மண்டியிட்டு வாயோடு வாய் வைத்து ஊதினார். ஊதினார். இன்னும் ஊதினார். அத்தான் இருமினார்! அந்த இருமலைவிட இனிய இசையை என் காது இதுவரை கேட்டதில்லை.

மருத்துவமனையில் டாக்டர் விளக்கினார். மூடிக் கிடந்த தொட்டியில் மக்கும் குப்பை, மூச்சுக்கு வேண்டிய காற்றைத் தின்றுவிடுமாம். கெட்ட காற்றுக்கு நிறமும் இருக்காது. பல நேரம் வாடையும் இருக்காது. காப்பாற்றப் போகிறேன் என்று அடுத்தவரும் இறங்கினால் அவரும் அங்கேயே விழுவாராம். அக்கா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கயிறு அறுத்து இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்திருந்தன. நர்ஸ் மருந்து போட வந்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

அத்தான் கண் விழித்ததும் என்ன கேட்டார் தெரியுமா? "அந்தப் பிளம்பர் தம்பி... என் பின்னாடி இறங்கிடலையே?"

"இறங்க விடலைங்க" என்றாள் அக்கா. அதுவரை அழாதவள், அப்போது அழுதாள்.

அங்கே யாரோ, "மோட்டார் என்னாச்சு?" என்று கேட்கிறீர்கள். வருகிறேன் ஐயா, வருகிறேன்! வீடு திரும்பிய அத்தான் மறுபடியும் சாக்பீஸோடு உட்கார்ந்தார். இம்முறை கோடு போடுவதற்கு முன் அக்காவுக்கு ஒரு நாற்காலி போட்டார். "கேளு, ஒவ்வொண்ணா கேளு" என்றார். அவள் கேட்கக் கேட்கத் திட்டம் மாறியது. ஆழத்தை மேலிருந்தே கம்பு விட்டு அளந்தார்கள். மூச்சுக்காற்றுக் கருவியும் முகக்கவசமும் உள்ள ஆட்கள் வந்து குப்பையை அள்ளினார்கள். மோட்டார் தொட்டிக்கு வெளியே மேடையேறியது. சுவிட்சு சாரல் படாத உள்சுவருக்குப் போனது. தண்ணீர் தீர்ந்தால் தானே நிற்கும் வசதியும் வந்தது.

போன வாரம்தான் ஓட விட்டோம். அன்றும் அக்கா சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள். "எர்த் பார்த்தாச்சா?" "பார்த்தாச்சு." "நிஜமா?" "நிஜமாக்கா!" என்றார் பிளம்பர். போட்டாள். மோட்டார் உறுமியது, குழாய் அதிர்ந்தது, தண்ணீர் வரவில்லை! எங்கள் முகமெல்லாம் வெளுத்துவிட்டது. பிறகு ஒரு செருமல், ஒரு குபுக், பழுப்பாய்க் கொஞ்சம், அதன்பின் பளிங்காய்ப் பாய்ந்தது வானம் தந்த தண்ணீர்!

இந்தத் தெருவில் பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது என்று அறிவேன். மோட்டார் விலை கேளுங்கள், குழாய் விலை கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன், உங்கள் வீட்டில் அதிகம் பயப்படுகிறவர் யாரோ, அவரை உட்கார வைத்துக் கேளுங்கள்! கேலி செய்யாமல் கேளுங்கள்! கேட்டு முடித்தபின் கேளுங்கள், இன்னும் ஏதாவது பயம் இருக்கிறதா என்று! மூடிக் கிடந்த தொட்டிக்குள் நம் தெருவில் இனி ஒரு கால்கூட இறங்கக் கூடாது. இறங்காது என்று எனக்கு வாக்குத் தருவீர்களா? சத்தம் போதாது. தருவீர்களா?

போதும். நெஞ்சு நிறைந்தது. மூடியில் கை வைக்கும் முன் ஒரு குரல் கொடுங்கள், தெருவே வரும். அன்று ஓடி வந்தவர்களுக்கு என் நன்றி. இனி ஓடி வரப்போகிறவர்களுக்கு என் வணக்கம்.