சாம்பல் பருந்துக்கு ஒரு தொண்டை

முகமூடி அணிந்தவனை எங்கள் குழுவில் யாரும் சொந்தப் பெயரால் அழைப்பதில்லை. முகமூடியைக் கழற்றும்வரை அவனும் கதையில் இல்லாத ஒரு சொல்லையும் பேசுவதில்லை. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. தாம்பரத்தில் மேடை நாடகமாகத் தொடங்கிய நாளிலிருந்தே அப்படித்தான்.

சாம்பல் பருந்து ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய சித்திரக்கதை நாயகன். கறுப்பு வெள்ளைப் பக்கங்களில் அவனுக்கு முகம் இல்லை, குரலும் இல்லை. பேச்சுக் குமிழ்கள் மட்டுமே உண்டு. மேடையில் பலர் அந்த முகமூடியை அணிந்தார்கள். ஒலித்தொடரில் பதினோரு ஆண்டுகள் குரல் கொடுத்தவன் நான் ஒருவன்தான். வாசகர் மனத்துக்குள் கேட்ட குரலுக்கு ஒரு தொண்டை கிடைத்ததென்றால் அது என்னுடையது. பெருமைக்காக அல்ல, ஆய்வு முடிவாகச் சொல்கிறேன்.

இணையத்தொடர் எடுக்க வந்த இயக்குநர் சின்மயி, உடலுக்கும் குரலுக்கும் சேர்த்து அசரியாவைத் தேர்ந்தெடுத்தார். மறைமலை நகரில் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்டு பார்ப்பவன். காரணம் கேட்டேன். பருந்தைப் பற்றி நான் எழுதிய ஆய்வுக் கட்டுரையையே எடுத்துக் காட்டினார்.

"நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க, பருந்து தெருவுல பொறந்தவன், தெருவோட மொழியிலதான் பேசணும்னு. நாலாம் பக்கம். அன்டர்லைன் பண்ணி வெச்சிருக்கேன்."

அந்த வாக்கியம் உருவகமாக எழுதப்பட்டது. விளக்கினேன். அவர் சிரித்தார். அங்கியும் காட்சியும் மூலச் சித்திரம் போல இருக்கின்றனவா என்று பார்க்கும் ஆலோசகராக என்னை வைத்துக்கொண்டார்.

"இன்னா சார், நம்ம வாய்ஸ் ஓகேவா கீதா?" என்று முகமூடி இல்லாத ஒத்திகையில் அசரியா கேட்டான். "ஒங்க தொடரைக் கேட்டுகினுதான் டெய்லி பஸ்ஸுல போவேன்."

நன்றாகவே இருந்தது. நான் ஒருமுறையும் தொடாத ஓர் இடத்தை அவன் பேச்சுவாக்கில் தொட்டுவிட்டுப் போனான். வீட்டுக்கு வந்து என் பழைய பதிவுகளைக் கேட்டேன். எல்லாம் வகுப்பறை போல ஒலித்தன.

பீர்க்கன்கரணை ஏரிக்கரையில், பாதியில் நின்ற கட்டடத்தின் இரண்டாம் மாடியிலிருந்து பருந்து பாய வேண்டும். ஸ்டண்ட் மாஸ்டர் சுகுமார், அங்கிக்கு அடியில் அவன் முதுகு வாரில் பாதுகாப்புக் கயிற்றின் கொக்கியை மாட்டினார். "வைத்தி சார், கொஞ்சம் பின்னால பாத்துக்குங்க" என்று என்னிடம் சொல்லிக் கீழே போனார்.

மூலச் சித்திரத்தில் அங்கி முதுகில் புடைத்திருக்காது. மடிப்பைச் சரிசெய்யக் கொக்கியைக் கழற்றினேன். மடிப்பு படத்தில் உள்ளபடியே விழுந்தது. கொக்கியை அங்கியின் ஓரத்துக்கு அடியில் தரையில் வைத்தேன்.

"பருந்து, ரெடியா?" என்று கீழிருந்து சின்மயி கேட்டார். முகமூடிக்குள் இருந்தவன் வாய் திறக்கவில்லை. முதுகைத் தொட்டுக் காட்டி என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன்.

அவன் இனி நடக்க மாட்டான் என்பதை, விசாரிக்க வந்த நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன். அன்று விழுந்தவனைச் சுற்றி நின்று எல்லோரும் "பருந்து, பருந்து" என்றே கூப்பிட்டார்கள், பழக்கம் அப்படி. நான் படியிறங்கி வந்தபோது அவன் கண்கள் திறந்திருந்தன. முகமூடியோடே பேசினான்.

"நான் அசரியா சார். கொக்கி மாட்டி கீதான்னுதானே கேட்டேன். தலய ஆட்டுனீங்களே."

ஆட்டினேன். ஆனால் அந்த வரியில், 'சார்' என்பதற்குப் பின் அவன் ஒரு மூச்சு இடைவெளி விட்டிருக்க வேண்டும். நானாக இருந்தால் விட்டிருப்பேன்.