எக்காளம் ஊதின மத்தியானம்

— நீங்களும் நிக்கிறியளோ லூர்த்தக்கா! ஐயோ, அப்ப உங்களையும் விட்டிட்டார்!

— ஆர் விட்டது? எங்கை விட்டது? எடி கமலம், படலையை உடைச்சுக்கொண்டு வாறாய். பாத்து வா, கத்தியிலை கால் வைச்சிடாதை. மீன் வெட்டிக்கொண்டிருக்கிறன்.

— மீன் வெட்டுறியளே! உலகம் முடிஞ்சுபோச்சு, நீங்கள் மீன் வெட்டுறியள்.

— முடிஞ்சா என்ன, பசி முடியேல்லையே. இரு உதிலை. முதல் மூச்சை விடு. மாதாவே, என்னடி நடந்தது?

— எக்காளம் ஊதினது உங்களுக்குக் கேக்கேல்லையோ?

— என்ன காளம்?

— எக்காளம் லூர்த்தக்கா. கடைசி எக்காளம். செபக்கூடத்திலை வேதப் படிப்பு முடிஞ்சு சைக்கிளிலை வாறன். கீரிமலை றோட்டிலை அந்தப் பூவரசடிக்கு வரேக்கை கடல் பக்கத்தாலை ஊதிச்சுது. காதிலை இல்லை, அடிவயித்துக்குள்ளை கேட்டது. செபநாயகம் பாஸ்ரர் இண்டைக்குத்தான், எக்காளம் ஊதக் கர்த்தர் தன்ரை ஆக்களை உயிரோடை மேலை எடுக்கிற இடத்தைப் படிப்பிச்சவர். தோட்டத்திலை ரெண்டு பேர் நிப்பினமாம். ஒராள் எடுபடுமாம், மற்றாள் விடுபடுமாம். சைக்கிளைப் போட்டிட்டு வீட்டை ஓடினன். பிள்ளை இல்லை.

— நிவேதனாவோ?

— பிள்ளை இல்லை! செருப்பு வாசல்லை கிடக்கு. வீட்டுச் சட்டை அறைக்குள்ளை நிலத்திலை, நிண்ட நிலையிலை விழுந்த மாதிரி வட்டமாக் கிடக்கு. குசினியிலை சோத்துப் பானை சுடுது. கூப்பிட்டன், கூப்பிட்டன். கிணத்தடி பாத்தன், கோடிப்பக்கம் பாத்தன். பிள்ளையை எடுத்திட்டார் லூர்த்தக்கா. என்னை விட்டிட்டார். முருகா... இல்லை, கர்த்தரே, ஏனப்பா என்னை விட்டனீர்?

— ஆரைக் கூப்பிடுறதெண்டு ஒரு முடிவுக்கு வா, அந்தாள் குழம்பிப்போவார். எடி விசரி, அது கப்பல்!

— கப்பலோ?

— காங்கேசன்துறைக் கப்பல். மாரிக்கு நிப்பாட்டி வைச்சிருந்தவை, இண்டைக்குத்தான் திரும்ப இந்தியாவுக்கு விடுகினம். எனக்கும் கேட்டதுதான். முந்தி சீமெந்து பக்டரியின்ரை சங்கு ஊதினா உலை வைக்கிற நேரம். அந்தப் பழக்கத்திலை இப்பவும் கடல் பக்கம் ஏதும் ஊதினா என்ரை கை பானையைத்தான் தேடுது. உன்ரை கால் என்னடாவெண்டா பரலோகத்தைத் தேடுது.

— கப்பலெண்டா என்ரை பிள்ளை எங்கை?

— ரவுணிலை கடைக்குப் போயிருப்பாள்.

— செருப்பில்லாமலோ? இந்தக் கொதிக்கிற றோட்டிலையோ? என்ரை மனுசன், இவர் போன அண்டைக்கும் இப்பிடித்தானே கிடந்தது. என்ரை குளறல் கேட்டு நீங்கள்தானே முதல் ஓடி வந்தனீங்கள். செருப்பு வாசல்லை. கோப்பையிலை பாதிப் புட்டு. தண்ணிச் செம்பு சரியாமல் அப்பிடியே நிண்டது. அறைக்குள்ளை இவள் சின்னப்பிள்ளை, நித்திரை. நான் சங்கக்கடைக்குப் போட்டு வாறதுக்கிடையிலை மனுசன் இல்லை.

— அண்டைக்கு நடந்தது வேறை கமலம். உங்கடை வாசல்லை வான் ஒண்டு வந்து பிரேக் போட்டு நிண்ட சத்தம் கேட்டதெண்டு நான் உனக்கு அண்டைக்கே சொன்னனான்.

— றோட்டெண்டா வான் போகும்தானே. எத்தினை வருசம் இவரின்ரை படத்தைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சன் சொல்லுங்கோ. எந்த ஆமிக் காம்பிலை கேக்காமல் விட்டனான்? எல்லாரும் ஒரே கதைதான், நாங்கள் பிடிக்கேல்லை, எங்களிட்டை இல்லை. ஆரும் கொண்டுபோகாத மனுசன் எங்கை போகும்? எனக்கு மறுமொழி வேதத்துக்குள்ளைதான் கிடந்தது. ஏனோக்கெண்டு ஒரு மனுசன். நடந்துகொண்டிருக்கேக்கையே காணாமல் போனவர். சாகேல்லை லூர்த்தக்கா! கடவுள் எடுத்துக்கொண்டார். அதைப் பாஸ்ரர் வாசிச்ச அண்டைக்குத்தான் நான் வீட்டை வந்து வயிறாறச் சாப்பிட்டனான். உங்களுக்கு ஞாபகமிருக்கோ? உங்கடை வீட்டு மீன்குழம்புதான்.

— ஞாபகமிருக்கு. சட்டியை வழிச்சுச் சாப்பிட்டாய். அதாலைதான் நானும் பேந்து வானைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லை.

— இவரை முந்தியே எடுத்திட்டார். நல்ல மனுசனெல்லோ, காத்திருக்கச் சொல்லேல்லை. இப்ப பிள்ளையையும் எடுத்திட்டார். ரெண்டு தரமும் நான்தான் மிச்சம். விடுபட்டவைக்கு இனி என்ன வருமெண்டு தெரியுமோ உங்களுக்கு? சூரியன் கறுக்கும். பஞ்சம் வரும். நெத்தியிலை சாத்தானின்ரை முத்திரை இல்லாட்டி ஒரு சாமான் வாங்கேலாது, விக்கேலாது. வீட்டுக்குள்ளை கிடக்கிறதை எடுக்கக்கூடத் திரும்பிப் போகாமல் ஓட வேண்டி வருமாம். மாரியிலை ஓட வராமல் வேண்டிக்கொள்ளுங்கோ எண்டு கிடக்கு.

— உதையோ இவ்வளவு நாளும் காசில்லாமல் படிப்பிக்கினம்? உதெல்லாம் நாங்கள் ஏற்கெனவே படிச்சு முடிச்ச பாடமெல்லோ. பாஸ் இல்லாமல் ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டினமோ? இடம்பெயரேக்கை மாரி மழையிலை நாவற்குழிப் பாலத்திலை நீயும் நானும் பெட்டி தலையிலை வைச்சுக்கொண்டு நிக்கேல்லையோ?

— அதுதான் எனக்குப் பயம்! தெரியாத பயமெண்டாச் சமாளிக்கலாம். இது தெரிஞ்ச பயம். திரும்பவும் ஓடேலாது லூர்த்தக்கா, அதுவும் தனிய. ஏன் என்னை விட்டதெண்டும் எனக்குத் தெரியும். உந்தப் பொட்டு.

— பொட்டு என்ன செய்தது?

— இதுதான் முத்திரை. நெத்தியிலை முத்திரை கிடக்கிற ஆக்களை அவர் சேர்க்கமாட்டாராம்.

— பாஸ்ரர் பொட்டெண்டே சொன்னவரோ?

— முத்திரை எண்டுதான் சொன்னவர். ஆனா என்ரை நெத்தியைப் பாத்துத்தான் சொன்னவர்.

— நீ முன்வாங்கிலை போய் இருந்தா அந்தாள் வேறை எங்கை பாக்கிறது? நானும் என்ரை மனுசன் கண்ணை மூடுமட்டும் பொட்டோடைதான் பூசைக்குப் போனனான். சுவாமியார் ஒருநாளும் நாக்கிலை நன்மை அப்பம் தராமல் விடேல்லை.

— உங்கடை கோயில் வேறை. கேளுங்கோ லூர்த்தக்கா. படிப்புக்குப் போகேக்கை அழிச்சுப்போட்டுத்தான் போவன். திரும்பி வரேக்கை வைச்சிடுவன். பைக்குள்ளை குங்குமச் சிமிழ் எந்த நேரமும் கிடக்கும். இண்டைக்கும் பூவரசடியிலை சைக்கிளை நிப்பாட்டி வைச்சனான். வைச்ச விரலை எடுக்கேல்லை, ஊதிச்சுது.

— அவ்வளவு பயமெண்டா ஏன் திரும்ப வைக்கிறாய்?

— வைக்காமல் விட்டா இவர் செத்துப்போனாரெண்டெல்லோ வரும்! சாகாத மனுசனுக்கு நான் எப்பிடிப் பொட்டழிக்கிறது? இவர் மேலையிருந்து பாத்தா என்ன நினைப்பார்? அங்காலை கர்த்தர், இங்காலை இவர். ரெண்டு பேருக்கும் நடுவிலை என்ரை நெத்தி. லூர்த்தக்கா, துடைச்சு விடுங்கோ. என்ரை கை போகுதில்லை. இன்னும் கொஞ்சம் நேரமிருக்கும், கடைசியாய் ஓடி வாற ஆக்களையும் சேர்ப்பார். உங்கடை சீலைத் தலைப்பாலை ஒருக்கா, கும்பிட்டுக் கேக்கிறன்.

— மீன் கை.

— பரவாயில்லை.

— மீன் கையெண்டதுக்கு இல்லையடி. நான் துடைக்கமாட்டன். என்ரை மனுசனைப் பெட்டியிலை பாத்து, மண் போட்டு, பிறகுதான் என்ரை பொட்டு அழிஞ்சது. மெழுகுதிரி கொளுத்த எனக்குச் சேமக்காலையிலை ஒரு கல்லறை கிடக்கு. உனக்கு உந்தப் பொட்டு மட்டும்தான் கிடக்கு. கடவுளுக்கு அது பிடிக்காட்டி அவர் வந்து அழிக்கட்டும். நான் அழிக்கமாட்டன். இப்ப அழாமல் நான் கேக்கிறதுக்குச் சொல்லு. சோறு எப்பிடிக் கிடந்தது?

— பானையிலை கிடந்தது.

— அடுப்பு எரிஞ்சுதோ?

— இல்லை. விறகெல்லாம் வெளியிலை இழுத்துக் கிடந்தது. தணல் மட்டும்தான். கஞ்சி வடிச்சு, மூடி, தணலுக்குப் பக்கத்திலை வைச்சுக் கிடந்தது.

— எடி, மேலை எடுபடுற பிள்ளை கஞ்சி வடிச்சுப்போட்டோ போகும்? உன்ரை கர்த்தர் வாசல்லை நிண்டு, ஆறுதலா விறகை இழுத்துப்போட்டு வா பிள்ளை எண்டவரோ?

— பகிடி விடாதேங்கோ லூர்த்தக்கா.

— பகிடி இல்லை. அலுமாரி பாத்தனியோ?

— திறந்து கிடந்தது. அந்த மாம்பழ நிறச் சீலை கொடியிலும் இல்லை, அலுமாரியிலும் இல்லை.

— எந்தச் சீலை? நிவேதனாவைப் பெண் கேட்டுச் சுபாங்கன்ரை தாய் இந்தியாவிலையிருந்து குடுத்துவிட்டதோ?

— ஓம். திருப்பி அனுப்பு எண்டு சொன்னனான். அனுப்பாமல் வைச்சிருந்தவள். ஏன் கத்தியைக் கீழை வைச்சிட்டியள்?

— ஒண்டுமில்லை. காலமை அவள் இஞ்சை வந்தவள். வேளாங்கண்ணிக்குப் போடவெண்டு நான் வாங்கி வைச்ச புதுச் செருப்பை, ஒருக்காத் தாங்கோ பெரியம்மா எண்டு வாங்கிப் போட்டுக்கொண்டு போனவள். போகேக்கை கட்டிப்பிடிச்சவள். ஒருநாளும் அப்பிடிச் செய்யாத பிள்ளை. அம்மாவுக்குச் சோறு வடிச்சு வைச்சிட்டன், சாப்பிடப் பண்ணுங்கோ எண்டவள். நானொரு மடைச்சி, யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போறாளாக்கும் எண்டு நினைச்சன்.

— அப்ப எங்கை போனவள்?

— கமலம், சுபாங்கனை நீ மறுத்திருக்கக் கூடாது. பண்டத்தரிப்பிலை தேப்பன்ரை காணியைப் பாக்கவெண்டு வந்து, ரெண்டு மாதம் பத்தை வெட்டிக் கிணறிறைச்ச பெடியன். இந்தியாவிலை அகதி முகாமிலை பிறந்து வளந்தும் ஒரு கெட்ட வார்த்தை வாயிலை வராது. என்ன குறை கண்டனி?

— பெடியனிலை குறை இல்லை. காலம்தான் குறை. வெள்ளம் வாறதுக்கு முன்னமும் சனம் பெண் குடுக்கிறதும் எடுக்கிறதுமாத்தான் திரிஞ்சதாம். அதுதான் அடையாளம். முடிவு வாற நேரத்திலை ஆரும் கலியாணப் பந்தல் போடுவினமோ? எடுபடுறதெண்டா ரெண்டு பேரும் ஒண்டா எடுபடவேணும், பிள்ளையும் நானும். அதுக்குத்தானே ஒரு இடமும் விடாமல் பொத்திப் பொத்தி வைச்சிருந்தனான்.

— பொத்தினது காணும். அவளின்ரை பாஸ்போட் எங்கை?

— உங்களோடை வேளாங்கண்ணிக்கு அனுப்பவெண்டு எடுத்ததோ? நான்தானே பிறகு விக்கிரக வழிபாடெண்டு மறிச்சுப்போட்டன். அவளிட்டைத்தான் கிடந்தது. ஏன் அதைக் கேக்கிறியள்? உதென்ன சத்தம்?

— என்ரை போன். யன்னல் கட்டிலை கிடக்கு.

— வொய்ஸ் வந்திருக்கு. பிள்ளையின்ரை படம் போட்டிருக்கு! லூர்த்தக்கா, பிள்ளை!

— வை கமலம். நான் கை கழுவிப்போட்டு வந்து கேக்கிறன். பொறு, அமத்தாதை...

— பெரியம்மா, நான் நிவேதனா கதைக்கிறன். கப்பலிலை ஏறிட்டன். சுபாங்கன் அந்தப் பக்கம் வந்து நிப்பார். கோவிக்காதேங்கோ, உங்களுக்கும் சொல்லாமல்தான் வந்திட்டன். பெரியம்மா, அம்மா படிப்பு முடிஞ்சு வர முன்னம் எங்கடை வீட்டை போய் நில்லுங்கோ. பஸ்சுக்கு நேரம் போட்டுதெண்டு செருப்பையும் சட்டையையும் போட்டது போட்டபடி விட்டிட்டு வந்திட்டன். அம்மா கண்டா நல்லாப் பயந்திடுவா. என்னை ஒருத்தரும் எடுக்கேல்லை, நான் என்ரை காலாலைதான் போனனான் எண்டு சொல்லுங்கோ.

— கேட்டியோ? கேட்டியோ கமலம்! கப்பலிலை நிக்கிறாள், உயிரோடை நிக்கிறாள். மாதாவே, உனக்கு ஒரு மாலை. சரி, காணும், நிப்பாட்டு. போனைத் தா.

— விடுங்கோ. இன்னும் கதைக்கிறாள்.

— பெரியம்மா, இது அப்பா போன மாதிரி இல்லை. அப்பாவைக் கொண்டுபோகேக்கை நான் முழிச்சுத்தான் கிடந்தனான். யன்னலாலை பாத்தனான். செருப்பைப் போட விடுங்கோ எண்டு கேட்டவர். விடேல்லை. இழுத்துக்கொண்டு போய் வானுக்குள்ளை தள்ளினவங்கள். நான் அம்மாவுக்கு ஒருநாளும் சொல்லேல்லை. முதல் பயத்திலை சொல்லேல்லை. பிறகு அவ பரலோகமெண்டு நினைச்சுச் சாப்பிடத் தொடங்கினாப்போலை, எனக்கு வாய் வரேல்லை. நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ. நாளைக்குப் போன் எடுக்கிறன்.

— கமலம். இஞ்சை பார், என்ரை முகத்தைப் பார். உலகம் முடியேல்லை. எக்காளமும் ஊதேல்லை. ஒருத்தரும் உன்னை விட்டிட்டுப் போகேல்லை. பிள்ளை நாளைக்கு எடுப்பாள், நீ ஏசு, நல்லா ஏசு, பேந்து ரெண்டு பேரும் அழுங்கோ. கேக்குதோ?

— ஓம், கேக்குது.

— தண்ணி குடிக்கிறியோ?

— அப்ப இவரையும் கர்த்தர் எடுக்கேல்லை. செருப்பு கேட்டவராம்.

— எடி கமலம்...

— கை கழுவிப்போட்டு வாங்கோ லூர்த்தக்கா. இப்ப பொட்டைத் துடைச்சு விடுங்கோ.